மூன்று மாதம் அஸ்டாக்சாந்தின் சாப்பிட்ட அனுபவம்

மன்னார்குடியில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்ப்பதால் சாயங்காலம் ஆனால் கண் எரியும். அதற்காகத்தான் அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி மாத்திரை வாங்கினேன், 4 மில்லிகிராம், தினம் ஒன்று.

இறாலைக் குழம்பில் போட்டதும் சாம்பல் நிறம் போய்ச் சிவக்கிறதே, அந்தச் சிவப்புதான் இது. பச்சை இறாலில் ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும், சூடு பட்டால் விட்டுவிடும். மாத்திரைக்கு எடுப்பது ஹீமட்டோகாக்கஸ் என்ற நன்னீர்ப் பாசியிலிருந்து. நல்ல வெயிலும் சத்துக் குறைவும் வாட்டினால் பச்சைப் பாசி சிவந்துவிடும். முதலில் வாங்கிய பாட்டிலில் 'இயற்கை' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், எதிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி இல்லை. ரசாயன முறையில் தயாரிப்பதும் உண்டு என்பதால் கேட்டு எழுதினேன், பதிலே வரவில்லை. அடுத்த பாட்டிலில் பாசியின் பெயர், அளவு, உரிம எண் எல்லாம் இருந்தன, அதையே தொடர்ந்தேன். சைவக்காரர்கள் கவனிக்க: பாசி சைவம்தான், மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின்.

கொழுப்பில் கரையும் பொருள், அதனால் வெறும் வயிற்றில் போட்டால் வீண். மதியம் நெய் விட்டுச் சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்வேன். எரிச்சல் குறைந்தது உண்மை, ஆனால் அதே மாதம் திரை வெளிச்சத்தையும் குறைத்திருந்தேன், முழுப் பெருமையும் மாத்திரைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. முகம் பளபளக்கும் என்றார்கள், அப்படி ஒன்றும் இல்லை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் சொல்லியிருக்கிறது. சரி, இது கரோட்டினாய்டு என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்தில் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பீடி பிடிக்கிற அப்பாவுக்கு அதே குடும்பத்து பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கி வந்திருந்தேன், பிறகு படித்ததும் பதறிவிட்டேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து ஆய்வு செய்து 1994இல் முடிவு வந்தது: தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அன்றே திருப்பிக் கொடுத்தேன். அப்பாவுக்கு முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் போதும், உணவில் வரும் கரோட்டினுக்கு இந்தப் பயம் இல்லை.

அத்தைக்கும் ஒரு பாட்டில் வாங்கியிருந்தேன். அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்தோம். டாக்டரும் வேண்டாம் என்றுவிட்டார், இப்போது அந்தப் பாட்டிலை நான்தான் சாப்பிட்டு முடிக்கிறேன்.