சாய்கூரை இன்சுலேஷன்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மேல்மாடி அறையின் சுவர் இடுப்பளவு நேராக ஏறி, அப்புறம் கூரையோடு சேர்ந்து சாய்ந்துவிடும். அதற்கும் மேலே தவழ்ந்து போகும் உயரத்தில் ஒரு பரண். இரண்டுக்கும் இன்சுலேஷன் போட்டு, குளிர்காலமும் கோடையுமாகப் பல முறை பார்த்தாகிவிட்டது.

பரணைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கட்டைகளுக்கு நடுவே 100 மி.மீ. கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு), அதன் மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு. மரம் கிளாஸ் வுல்லைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதால், கட்டைகளையும் சேர்த்து மூடத்தான் அந்தக் குறுக்கு அடுக்கு. அதன் மேல் பெட்டிகளை ஏற்றி அமுக்கினால் பலன் குறையும். சாமான் வைக்க, கால் கொடுத்து உயர்த்திய பலகை போட்டிருக்கிறோம். பரண் மூடியை மறந்துவிடாதீர்கள். அதன் முதுகில் ஒரு பலகைத் துண்டும் விளிம்பில் ரப்பர் பட்டையும் ஒட்டியதும், மாடிப்படியில் தலையில் இறங்கிக்கொண்டிருந்த குளிர்காற்று நின்றது. ஒன்று: கீழேயிருந்து சூடு வராததால் பரண் முன்பைவிடக் குளிர்ந்துவிடும். அங்கே ஓடும் தண்ணீர்க் குழாய்களுக்கும் உறை போட்டாக வேண்டும்.

பாடுபடுத்துவது சாய்வுப் பகுதிதான். எங்கள் கைமரங்களின், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களின், ஆழமே 100 மி.மீ. ஓட்டுக்கு அடியில் காற்றோட்டத்துக்கு 50 மி.மீ. விட்டுவிட்டால் மீதி எவ்வளவு? அதனால் நடுவில் 50 மி.மீ. பி.ஐ.ஆர். (கெட்டியான பிளாஸ்டிக் நுரை) பலகை வைத்து, கைமரங்களுக்குக் கீழே அறை முழுக்க இன்னொரு அடுக்கு அடித்து, மூட்டுகளில் அலுமினிய டேப் ஒட்டி, ஜிப்சம் போர்டு போட்டோம். அதே பலனுக்கு கிளாஸ் வுல் என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல் தடிமன் வேண்டியிருக்கும். ஆனாலும் உயரம் குறைந்தது குறைந்ததுதான். வீட்டில் உயரமானவர் இன்னமும் கட்டிலை விட்டு எழும்போது இடித்துக்கொள்கிறார்.

ஓட்டுக்கு அடியில் அந்தக் காற்று இடைவெளி ஏன் என்பது முதல் குளிர்காலத்திலேயே புரிந்தது. வேலை செய்தவர் கூரை விளிம்பில் கிளாஸ் வுல்லைத் திணித்து, காற்று நுழையும் வழியை அடைத்துவிட்டுப் போயிருந்தார். பரணில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஓட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளின் முனையில் எல்லாம் ஒவ்வொரு சொட்டு நீர். மழைத் தண்ணீர் அல்ல. அறையிலிருந்து ஏறிய ஈரக்காற்று குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகியிருந்தது. திணித்ததைப் பிடுங்கி, விளிம்பில் கைவிரல்கள் நுழையும் அளவு வழிவிட்டதும் சில வாரங்களில் காய்ந்துவிட்டது. குளியலறைப் பக்கம் மட்டும் ஒரு கைமரத்தில் கடுகு சிதறியது போலப் பூஞ்சை. அங்கே டேப் உரிந்திருந்தது. ஒட்டிய பிறகு பரவவில்லை. என்னைக் கேட்டால், இன்னும் 20 மி.மீ. தடிமன் சேர்ப்பதைவிட அறைப் பக்கத்து மூட்டுகளை ஓட்டையில்லாமல் அடைப்பதில் காசைப் போடலாம். இதனால்தான் கூரையில் பதிக்கும் விளக்குகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலே ஒட்டி மாட்டும் விளக்குகளை வாங்கினோம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஓட்டை போடுவானேன்?

குளிர்காலத்துக்கு முழுத் திருப்தி. முன்பெல்லாம் ஹீட்டரை அணைத்த கொஞ்ச நேரத்தில் அறை சில்லிட்டுவிடும். இப்போது தூங்கும்வரை தாங்குகிறது. கோடையில் அப்படிச் சொல்ல முடியாது. முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் வெயில் நாளின் சாயங்காலத்தில் வெக்கை உள்ளே வந்துவிடுகிறது. பி.ஐ.ஆர். எடை குறைந்த பொருள், வெப்பத்தைத் தேக்கி வைத்துத் தாமதப்படுத்தாது. அந்த வேலைக்கு அடர்த்தியான மரநார்ப் பலகை மேல், ஆனால் தடிமன் கூடும், தலை இன்னும் இடிக்கும். மழைச் சத்தமும் பெரிதாகக் குறையவில்லை. வெள்ளிக் காகிதம் போன்ற மெல்லிய ஃபாயில் மட்டும் போதும் என்று சிலர் விற்பார்கள். எதிரே காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டினால் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது.

இன்னும் மிச்சமிருப்பது, இடுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள மூலைக் கதவு. அதன் இடுக்கில் இப்போதும் காற்று வருகிறது. பரண் மூடிக்குச் செய்ததையே அதற்கும் செய்ய ரப்பர் பட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.