கறுத்தது தெரிகிறது, எப்போது கறுத்தது?

வெள்ளக்கோவிலில் அரிசி ஆலை வைத்திருக்கும் மச்சான் போன வாரம் போனில் கேட்டார். "உங்க மில்லுல மோட்டாருக்கு மோட்டார் வெள்ளையா ஒரு பட்டை ஒட்டி வெச்சிருக்கீங்களே மாப்ள, அது வாங்கலாங்களா?"

அவர் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு நாள் முன்புதான் 20 ஹெச்பி மோட்டார் ஒன்றின் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், கருகி, அதைத் திரும்பச் சுற்றும் ரீவைண்டிங் கூலி கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்த மோட்டாரிலும் பட்டை இருந்தது. வாங்கவே வேண்டாம் என்று வாயில் வந்ததைச் சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், சொன்னதில் பாதிதான் நியாயம். மீதியை இங்கே எழுதுகிறேன்.

காங்கேயத்தில் எங்களுடையது கொப்பரை ஆட்டும் எண்ணெய் மில். மச்சான் கேட்ட பட்டை, சூடு காட்டும் ஸ்டிக்கர். அதை நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறேன். எட்டுக் கட்டம்: 71, 77, 82, 88, 93, 99, 104, 110 டிகிரி. இது என்ன கோணல் கணக்கு என்று ரொம்ப நாள் மண்டை குடைந்தது. பாரன்ஹீட்டில் 160, 170, 180 என்று பத்துப் பத்தாக ஏறுவதைத்தான் செல்சியஸில் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கறுப்புத் தாளின் மேல் வெள்ளைப் படிகம் பூசியிருக்கும். குறித்த சூடு வந்ததும் அது உருகித் தாளுக்குள் இறங்கிவிடும், கறுப்பு வெளியே தெரியும். ஆறினாலும் திரும்ப வெளுக்காது.

இதன் அருமை எனக்குப் புரிந்தது மோட்டாரில் அல்ல, மில்லுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பேனலில். இரண்டாம் வருடம், மெயினை அணைத்து, மூன்று ஃபேஸ் லக்குகளிலும் (கேபிள் முனையை போல்ட்டில் பிடித்து வைக்கும் உலோகத் துண்டு) ஆளுக்கொன்று ஒட்டச் சொல்லியிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பேனலைத் துடைக்கத் திறந்த எலக்ட்ரீசியன் கூப்பிட்டான். "அண்ணா, ஒய் ஃபேஸ்ல மட்டும் ரெண்டு கட்டம் கறுத்திருக்குதுங்க." மற்ற இரண்டும் பால் வெள்ளை. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தால் கால் சுற்று தளர்ந்திருந்தது. பிவிசி கேபிள் தாங்குவதே 70 டிகிரிதான், இங்கே 77 தாண்டியிருக்கிறது. பகலில் டார்ச் மாதிரி பிடிக்கும் சூட்டுமானியால் எத்தனையோ முறை பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி குறைவாகத்தான் காட்டும். அதோடு லோடு உச்சத்தில் இருக்கும்போது பேனல் கதவு மூடியிருக்கும், ராத்திரி ஷிப்டில் யார் திறந்து பார்ப்பது? மூடிய கதவுக்குள் நடந்ததை ஒரு நேரச் சாப்பாட்டு விலையுள்ள காகிதம் பிடித்து வைத்திருந்தது. அன்றைக்கு யாராவது மார்க் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஆறு போட்டிருப்பேன்.

இனி வயிற்றெரிச்சல்.

இது கறுத்ததைச் சொல்லும். எப்போது கறுத்தது, எவ்வளவு நேரம் சூடு நின்றது என்று சொல்லாது. எரிந்துபோன மோட்டாரில் 88 வரை கறுத்திருந்தது. பகல் ஷிப்ட்காரர் 'நேற்றே கறுப்புங்க' என்கிறார். ராத்திரி ஷிப்ட்காரர் 'நான் விட்டுப் போகும்போது வெள்ளைங்க' என்கிறார். இரண்டு பேரும் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறார்கள். ஒரு நிமிடம் 88 போனாலும் அதே கறுப்பு, ஆறு மணி நேரம் நின்றாலும் அதே கறுப்பு.

என் தங்கை கிராம சுகாதார செவிலியர். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். 1996-இலிருந்து வருகிறது. சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் கொடுக்கலாம், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும். அதில் உள்ள வேதிப்பொருள் பட்ட சூட்டையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வரும். கொஞ்ச நேரக் கடும் சூடு, நெடுநேர மிதமான சூடு, இரண்டும் கணக்கில் சேரும். அது சேமிப்புக் கணக்கு என்றால், என்னுடையது அதிகபட்ச பில்லை மட்டும் காட்டும் ரசீது. "உனக்கு எதுக்குண்ணா அது, மோட்டாருக்கு சொட்டு மருந்தா போடப் போறே?" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டார் காயிலின் இன்சுலேஷனும் அப்படிச் சூட்டைச் சேர்த்து வைத்துத்தான் சாகிறது. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது ரீவைண்டிங் கடையில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

தேதி எழுதும் பழக்கம் கொண்டு வந்தேன். தினம் காலை பட்டையைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் ஒரு நாள் கொப்பரை பிழியும் எக்ஸ்பெல்லரின் கியர்பாக்ஸில் பட்டை புத்தம் புதிதாக மின்னுவதைப் பார்த்து ஓரத்தை உரித்தால், அடியில் கறுத்த பட்டை. திட்டுவேனே என்று ஒரு பையன் மேலேயே புதிதாக ஒட்டியிருக்கிறான்! இதற்கு ஸ்டிக்கரைக் குறை சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

எண்ணெய் இன்னொரு தொல்லை. ஓரம் வழியாக எண்ணெய் ஊறி ஒரு பட்டை முழுக்கக் கறுத்ததை நம்பி, மில்லை நிறுத்தி, பேரிங்கைக் கழற்றினோம். பேரிங் புதுசு மாதிரி இருந்தது. அரை நாள் ஆட்டம் போச்சு. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது இது: நிஜச் சூடு என்றால் சின்ன எண்ணிலிருந்து வரிசையாகக் கறுக்கும், கட்டத்தின் ஓரம் கத்தி வைத்தது போல இருக்கும். 71 வெள்ளையாக இருந்து 99 கறுத்திருந்தால், அல்லது திட்டுத் திட்டாக எல்லாமே மங்கியிருந்தால், அது எண்ணெய். ஒட்டுமுன் இடத்தைத் துடைத்து உலர விடாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.

எரிந்த மோட்டாருக்கு வருகிறேன். எலக்ட்ரீசியன் சொன்னது சிங்கிள் ஃபேஸிங். ஒரு ஃபேஸ் போய்விட்டால் காயில் சில நிமிடங்களில் வெந்துவிடும். அந்தச் சூடு இரும்பு உடம்பைத் தாண்டி வெளியே பட்டைக்கு வந்து சேர்வதற்குள் கதை முடிந்திருக்கும். அங்கே காப்பாற்றியிருக்க வேண்டியது, ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர். அதைக் கழற்றிவிட்டு நேரடியாக ஓட்டியது யார் என்பது வேறு பஞ்சாயத்து. ஆக, பட்டைமேல் நான் கொட்டிய கோபத்தில் பாதி அந்த ஆளுக்குச் சேர வேண்டியது.

இவ்வளவும் எழுதிய பிறகும் இன்றைக்கு மனசு இரண்டு மார்க்குக்கு மேல் போட மறுக்கிறது. மோட்டாருக்கு வாங்காதீர்கள் மச்சான். பேனலுக்கு வேண்டுமானால் லக்குக்கு ஒன்று என்று வாங்கி ஒட்டுங்கள், மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்டர் போடும்போது எனக்கும் இரண்டு பாக்கெட் சேர்த்துப் போடுங்கள், இருப்பு தீர்ந்துவிட்டது.

ஒன்று மறந்துவிட்டேன். 37 டிகிரியில் தொடங்கும் சின்ன அளவு ஒன்றும் விற்கிறார்கள். எண்ணெய் வைக்கும் அறைக்கு என்று சித்திரையில் வரவழைத்தேன். பாக்கெட்டைப் பிரித்தால், கூரியர் வண்டியிலேயே முதல் இரண்டு கட்டமும் கறுத்து வந்திருந்தது. விற்றவரிடம் கேட்டால், "அப்போ நல்லா வேலை செய்யுதுங்களே சார்" என்கிறார், பணம் திரும்ப வரவில்லை. அதை மட்டும் ஐப்பசி மழை பிடிக்கும் வரை வரவழைக்காதீர்கள்.