கிணற்று நீருக்கும் ஆறாத புண்ணுக்கும் தங்க நானோ துகள்: போட்டி முறைகளோடு ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிணறு இல்லாத பழைய வீட்டைப் பார்ப்பது அரிது. மழைக்காலம் ஓய்ந்ததும் இந்த நீரில் கிருமி உண்டா, உண்டெனில் எதைக் கொண்டு அதைக் கொல்வது என்ற இரண்டு கேள்விகள் எழுகின்றன. மருத்துவமனையில் புண் கட்டும் இடத்திலும் இதே கேள்விகள்தாம். தங்க நானோ துகள்கள் இவ்விரண்டுக்கும் விடை தரும் என்று அறிவியல் செய்திகள் அடிக்கடி கூறுகின்றன. கிணற்றுக்குப் பொருந்தும் விடை வேறு, புண்ணுக்குப் பொருந்தும் விடை வேறு என்பதே என் கணிப்பு. அதற்கான காரணங்களில் பெரியது விலை அன்று, உப்பு.

தங்கத்தை இராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவையில்) கரைப்பது நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்வோர்க்குப் புதிய செய்தி அன்று. அவ்வாறு கரைத்துப் பெறும் குளோரோ ஆரிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைக் கொதிக்கவைத்துச் சிட்ரிக் அமிலத்தின் உப்பான சிட்ரேட் சேர்த்தால், மஞ்சள் நிறம் மாறிச் சிவப்புக் கூழ்மம், அதாவது நுண்துகள்கள் மிதக்கும் நீர்மம், உருவாகும். வேதியியலர் டர்கெவிச் 1951இல் விளக்கிய இம்முறையே இன்றும் பள்ளிப்பாடம் போல் எல்லா ஆய்வகங்களிலும் செய்யப்படுகிறது. இந்தச் சிவப்பு தங்கத்தின் நுண்ணிய துகள்களால் வருவது என்பதை 1857இலேயே பாரடே எடுத்துரைத்திருந்தார். சுமார் 20 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள், 520 நானோமீட்டர் அலைநீளப் பச்சை ஒளியை உறிஞ்சுவதால் நீர் சிவப்பாகத் தெரிகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கினால் நிறம் ஊதாவுக்கும் நீலத்துக்கும் மாறுகிறது. ஒரு லிட்டர்க் கூழ்மத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் தங்கமே போதும். அதாவது ஒரு பவுனில் 160 லிட்டர். ஆகவே 'தங்கம் என்பதால் கட்டுப்படியாகாது' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. நீரை உறிஞ்சிக் கோடு காட்டும் சோதனைப் பட்டையில் செலவு வைப்பது கிருமியை அடையாளம் கண்டு பற்றும் புரதமான ஆன்டிபாடிதான், தங்கம் அன்று.

துகள்கள் கிருமியின்மேல் ஒட்டி நெருங்கும்போது நிறம் மாறுவதை வைத்துக் கிருமியைக் காண்பது எளிய கருத்து. ஆனால் சிட்ரேட் பூசிய துகள்கள் தம் எதிர்மின்னூட்டத்தால்தான் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன; உப்பு அந்த விலக்கத்தை மறைத்துவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உவர்ப்பு ஏறிய கிணற்று நீரைக் கூழ்மத்தில் போதிய அளவு ஊற்றினால், ஒரு பாக்டீரியா கூட இல்லாமலே அது நீலமாகக்கூடும். கடலிலிருந்து தள்ளியுள்ள கிணற்று நீரில் தேறிய முறை கடற்கரையில் பொய் சொல்லும். துகள்மேல் புரதமோ பாலிமரோ பூசினால் இக்குறை பெரிதும் நீங்கும். கொரோனா விரைவுச் சோதனையிலும் கருத்தரிப்புச் சோதனையிலும் நாம் பார்க்கும் செங்கோடு பெரும்பாலும் அவ்வாறு ஆன்டிபாடி பூசிய தங்கத் துகள்களால் வருவதே.

பட்டைக்கு வேறொரு தடை உண்டு. குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா ஒன்று கூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. பட்டையோ சில துளி நீரையே உறிஞ்சும். அதில் கோடு தெரிய ஒரு மில்லிலிட்டருக்குப் பல ஆயிரம் முதல் பல இலட்சம் வரை செல்கள் வேண்டும். ஆகவே கிணற்று நீரை முதலில் வடிகட்டிச் செறிவாக்கவோ, பல மணிநேரம் வளர்க்கவோ வேண்டும். அப்படிக் காத்திருக்கத்தான் வேண்டுமென்றால், 1982இல் ஆய்வாளர் மாஞ்சாவும் உடனுழைத்தோரும் இந்தியாவில் உருவாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்ன குறைந்தது? மலக்கலப்போடு வரும் பாக்டீரியாக்கள் சல்பைடு வெளியிட, ஓரிரு நாளில் நீர் கறுத்துவிடுகிறது; மின்சாரமும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். நிலத்தடி நீரில் இயல்பாகவே சல்பைடு இருந்தால் அதுவும் ஏமாற்றும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். சோதனை துல்லியமானது, ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் எண்ணிவிடும் என்பதால், மருந்து போட்ட கிணற்றுக்கு அது உகந்தது அன்று.

சிறுநீர்த் தொற்றில் நிலைமை தலைகீழ். ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 பாக்டீரியா என்பதே அங்கு நெடுங்காலமாகத் தொற்றின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. பட்டையின் உணர்திறன் அந்த அளவை எட்டக்கூடியது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை ஒன்றிரண்டு நாளில் சொல்வதைப் பட்டை கால் மணியில் சொன்னால், அங்கே தங்கத்துக்கே என் வாக்கு. எந்த மருந்து கேட்கும் என்பதை அறிய மட்டும் வளர்ப்புச் சோதனை இன்னும் தேவை.

கொல்வதில் முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும்: சிவப்புக் கூழ்மத்தில் உள்ள உருண்டைத் துகள் தானாகப் பாக்டீரியாவை அவ்வளவாகக் கொல்வதில்லை. (இதைச் சித்த மருந்தான தங்கப் பற்பத்தின் பெருமையோடு முடிச்சுப் போடுவோருக்கும் இது பொருந்தும், அது வேறு பொருள், வேறு தயாரிப்பு.) கொல்லும் வேலையில் வெள்ளி முந்திக்கொள்கிறது. அது விடும் அயனிகள் பாக்டீரியப் புரதங்களின் கந்தகத் தொகுதிகளைப் பற்றி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. தீக்காயத்துக்கு இடும் வெள்ளி சல்ஃபாடையசின் களிம்பு பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. ஆனால் இங்கும் உப்பு குறுக்கிடுகிறது. குளோரைடு கண்டால் வெள்ளி அயனி கரையாத வெள்ளி குளோரைடாகப் படிந்துவிடும்; புண்ணில் ஊறும் நீரிலும் குளோரைடு நிறைய உண்டு. தீக்காயப் பிரிவில் வெள்ளியை எதிர்த்து நின்ற சால்மொனெல்லா பாக்டீரியா 1975லேயே பதிவாகியுள்ளது.

தங்கத்தைக் கொல்லவைக்க வழிகள் உள்ளன. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் துகள்மேல் பூசி, அம்மருந்துக்கு அடங்காத என்டரோகாக்கஸ் பாக்டீரியாவை அடக்கலாம் என்று 2003இல் காட்டப்பட்டது. எனக்கு நம்பிக்கையூட்டுவது தண்டு வடிவத் துகள். அதன் நீள அகல விகிதத்தை மாற்றினால், உடல்திசு வழியே ஓரளவு ஊடுருவும் அண்மை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சி வெப்பமாக்கும்; மருந்து நுழையத் தடுமாறும் கிருமிப் படலத்தையும் அந்த வெப்பம் தாக்கும். வெப்பத்துக்கு எதிர்ப்புத்திறன் வளர்ப்பது பாக்டீரியாவுக்கு எளிதன்று. ஆனால் தண்டுகளைச் செய்ய உதவும் சி.டி.ஏ.பி. என்ற பொருள் உடற்செல்களுக்கும் நஞ்சு; அதை அகற்றியோ மூடியோ ஆக வேண்டும். வெப்பம் நம் செல்லையும் சுடும். இரத்தத்தில் கலந்த தங்கம் கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கும். ஒளி ஆழத்துக்குச் செல்லாததால் இம்முறை மேற்புற ஆறாப்புண்ணுக்கே ஏற்றது.

கிணற்றுக்கு இவை எதுவும் வேண்டாம். ஒரு குடம் நீரைத் தங்கத் தண்டும் லேசரும் கொண்டு சூடாக்குவதைவிட அடுப்பில் ஏற்றுவது மலிவு. முழுக் கிணற்றுக்கும் பிளீச்சிங் பவுடரே இன்றும் முதலிடத்தில் நிற்கிறது. அரை மணிநேரம் கழித்து நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் திரவமும் ஒரு சிறிய குப்பியில் அடங்கிவிடுகிறது.