அயர்லாந்துக் கடைசாலுடன் ஏழு வருடம்

அயர்லாந்தின் கிளேர் கவுண்டிக்குக் குடிவந்த மறு வருடம், ஒரு பழம்பொருள் ஏலத்தில் வெண்ணெய் கடையும் இந்த மரப் பாத்திரத்தை, அதாவது கடைசாலை, வாங்கினேன். ஐரிஷ் மொழியில் 'கின்யோக்'. ஓக் பலகைகளைச் சேர்த்து இரும்பு வளையம் போட்டு இறுக்கியது. அடி அகலம், கழுத்து குறுகல். மூடித் துளை வழியே இறங்கும் கோலின் நுனியில் ஓட்டைகள் உள்ள வட்டப் பலகை. நம் மத்துபோலக் கயிறு கட்டிச் சுழற்றுவதில்லை, உலக்கை போடுவதுபோல மேலும் கீழும் இடிக்க வேண்டும்.

முதல் நாள் பாலாடையை ஊற்றியதுமே இடுக்கெல்லாம் ஒழுகியது. மரம் காய்ந்திருந்ததுதான் காரணம். இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வைத்தேன். பலகை ஊறி இடுக்குகள் அடைந்துகொண்டன. அன்றிலிருந்து அதை அடுப்புப் பக்கம் வைப்பதே இல்லை.

எல்லாம் சூட்டில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்த ஆடை 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால், அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் திரளும். ஒரு ஜனவரியில் ஒன்றரை மணி நேரம் இடித்தும் வெறும் நுரை. பொறுக்காமல் வெந்நீரை உள்ளே ஊற்றினேன். வெளுத்துப்போய், கொழகொழவென்று, மோரை விடாத வெண்ணெய்தான் கிடைத்தது. இப்போது ஆடைப் பாத்திரத்தையே முன்கூட்டி வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுக்கிறேன். வாங்குபவர்கள் கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள். கடைசாலைப் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது.

திரள்வதைக் காதே சொல்லிவிடும். தொப் தொப்பென்ற கனத்த ஓசை சளக் சளக்கென்று மாறும். கோலில் கடுகளவு மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மோரை வடித்து, கழுவும் நீர் தெளியும்வரை அலசி, வரி போட்ட இரண்டு மரத்தட்டைகளால் அழுத்திப் பிழிந்து உப்பிடுகிறேன். உள்ளே மோர் தங்கினால் சில நாளில் காறல் வாடை வந்துவிடும். 1770 முதல் 1924 வரை நடந்த கார்க் நகர வெண்ணெய்ச் சந்தையில் பீப்பாய்களைத் துளைத்து, முகர்ந்து, ருசித்துத் தரம் பிரித்தார்களாம். அந்தக் கெடுபிடி ஏனென்று அலசி அலசித்தான் புரிந்துகொண்டேன்.

4 லிட்டர் ஆடைக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் கிடைக்கிறது. மே, ஜூனில் பசும்புல் மேய்ந்த மாட்டின் வெண்ணெய் நல்ல மஞ்சள்.

கடையும் வீட்டுக்குள் வந்தவர் கோலைப் பிடிக்காமல் போனால் வெண்ணெயின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. பக்கத்து வீட்டுப் பாட்டி இன்றும் தவறவிடுவதில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து பத்து இடி இடித்துவிட்டுத்தான் உட்காருவார். மோரில் பாதி அவருக்கு, சோடா ரொட்டி சுட.