வயதான ஜெர்மன் ஷெப்பர்டு நாயைத் தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு: கோவையில் நாங்கள் போன காப்பகம்

கோவைக்கு வெளியே, சிறுவாணி சாலைப் பக்கம் இருக்கும் ஒரு நாய்க் காப்பகத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று நடத்துகிறவர்களே கேட்டுக்கொண்டார்கள். பெயர் வெளியே பரவினால், ராத்திரியோடு ராத்திரியாக கேட்டில் நாயைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். நியாயமான காரணம்தான். வேண்டுகிறவர்கள் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஊரில் நாய் பார்க்கும் டாக்டர்கள் பலருக்கு இந்த இடம் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல இடம், நம்பிப் போகலாம். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை போய் அன்றைக்கே நாயோடு திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது. நாயைத் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் இவர்களிடம் துளியும் கிடையாது. எனக்கு இந்த இடத்தைப் பிடித்ததே அதனால்தான்.

எங்கள் வீடு கணபதியில். பின்புறம் என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ரோசி என்றொரு பொமரேனியன் பதினைந்து வயது வரை எங்களோடு இருந்தாள். கடைசியில் சிறுநீரகம் போய்விட்டது. மணி, பட்டறை வாசலில் தானாக வந்து படுத்துத் தானாகவே எங்கள் நாயானவன். ரோசி போன அதே வருடம் உண்ணிக் காய்ச்சலில் அவனும் போய்ச் சேர்ந்தான். மருந்து கொடுத்தோம், ரத்தம் ஏற்றினோம், தட்டணுக்கள் ஏறவே இல்லை. அப்புறம் ரொம்ப நாள் வீட்டில் யாரும் நாய்ப் பேச்சே எடுக்கவில்லை. மகள் பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் குட்டி வாங்கித் தருகிறேன் என்பாள். எனக்குக் குட்டி வேண்டாம். ரோசி ஓடிய கூடத்தில் இன்னொரு வெள்ளைக் குட்டி ஓடுவதைப் பார்க்க மனசு ஒப்பவில்லை. வீட்டுக்காரர்தான் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "யாருக்கும் வேண்டாத பெரிய நாய் ஏதாச்சும் இருந்தா பாக்கலாமா" என்று கேட்டார். அப்படித்தான் தேட ஆரம்பித்தோம்.

காப்பகத்தில் ஃபோனை எடுக்க மாட்டார்கள். வாட்ஸாப்பில் செய்தி போட்டால் ராத்திரி பத்து மணிக்கு மேல் பதில் வரும். முதலில் வருவது ஒரு கேள்விப் பட்டியல். சொந்த வீடா, வாடகையா. வாடகை என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் உண்டா. நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும். படி ஏற வேண்டுமா. ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். கடைசிக் கேள்வி: இதற்கு முன் வளர்த்த நாய்கள் எப்படி இறந்தன, எப்போது இறந்தன?

அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. நேரில் போனபோது காரணம் புரிந்தது. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து இறந்த நாயின் வீட்டில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் மண்ணிலும் தரையிலும் கிடக்கும். தடுப்பூசி சரியாகப் போடாத நாயை அந்த வீட்டுக்கு அனுப்பினால் எமனிடம் அனுப்புகிற கதைதான். அதனால்தான் கேட்கிறார்கள்.

தத்தெடுப்பைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ரோசி, மணி இருவருடைய மருத்துவக் கோப்பையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் பீரோவில் வைத்திருந்தேன். அவள் அதை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். தடுப்பூசி ஸ்டிக்கர்கள், எடை குறித்த தாள்கள், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ரோசியைக் கூட்டிப்போன சீட்டு, தோலுக்கடியில் சலைன் ஏற்றிய நாட்களை நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்த குறிப்பு. அந்தக் குறிப்பில் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் வீட்லயே நீங்களே ஏத்துனீங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மூடிக் கையில் கொடுத்து, "உங்களுக்கு வயசான நாயைத் தரலாங்க்கா. கஷ்டம் தெரிஞ்சவங்க" என்றாள். என் சம்பளச் சான்று, வீட்டுப் பத்திரம் எதையும் அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பொன்னி என்பது அவர்கள் வைத்த பெயர். ஜெர்மன் ஷெப்பர்டு, பெண், பல்லைப் பார்த்து ஆறு வயது இருக்கலாம் என்றார்கள். நீலாம்பூர் பைபாஸில் ஒரு கம்பத்தில் கட்டிக் கிடந்தவள். குட்டி போட வைத்தே சம்பாதித்த எவரோ, இனி ஈனாது என்று தெரிந்ததும் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள் என்பது அவர்கள் யூகம். அவள் உடம்பைப் பார்த்தாலே அது புரியும். மடி தொங்கிப்போயிருந்தது. சிமெண்ட் தரையிலேயே கிடந்ததால் இரண்டு முழங்கையிலும் முடி போய்க் கறுத்துத் தடித்த காய்ப்பு. கழுத்தைச் சுற்றிச் சங்கிலி பதிந்த தடம். வலது காது பாதியில் மடிந்துவிடும். அந்தப் பெண் பொன்னியின் உதட்டை மெல்லத் தூக்கிக் கோரைப் பல்லைக் காட்டினாள். பல்லின் பின்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. எலும்பு கடித்தால் இப்படித் தேயாதாம்; கூண்டுக் கம்பியைப் பல்லால் பற்றி இழுத்து இழுத்துப் பார்க்கிற நாய்க்குத்தான் இந்த இடம் தேயுமாம். எத்தனை வருடம் இழுத்திருப்பாள்?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இலேயே வந்துவிட்டது. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது அதில் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவை மாட்டினால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு ஷெப்பர்டு குட்டி எத்தனை ஆயிரத்துக்குப் போகிறது என்று தெரிந்தவர்கள் இந்த 50 ரூபாயை நினைத்துப் பாருங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

காப்பகத்தை நான் மெச்சுவதற்கு இன்னொரு காரணம், குறையை மறைக்காமல் சொன்னது. இடுப்பு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இடது மூட்டின் குழி ஆழம் போதாமல் இருப்பதைக் காட்டினார்கள். ஷெப்பர்டுகளுக்கு அதிகம் வரும் கோளாறு இது. படி ஏறக் கூடாது, எடை 28 கிலோவைத் தாண்டக் கூடாது, வழுக்கும் டைல்ஸில் பாய் போட வேண்டும், மூட்டுக்கு மாத்திரை ஆயுசுக்கும் தேவைப்படலாம். ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் குரைக்க மாட்டாள், ஒடுங்கி ஒண்ணுக்கு விட்டுவிடுவாள் என்பதையும் சொன்னார்கள். ஒன்றைக்கூட நாங்கள் வீட்டுக்கு வந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டைப் பார்க்க ஒரு பெரியவரை அனுப்பினார்கள். காம்பவுண்ட் உயரம், கேட் இடைவெளி எல்லாம் பார்த்துவிட்டு, மணி படுக்கும் இடத்துச் சுவரில் டார்ச் அடித்தார். உண்ணி நாயின் மேலேயே இருந்துவிடுவதில்லை; கீழே இறங்கிச் சுவர் ஏறி விரிசலுக்குள் போய் முட்டையிடும். ஒன்று ஆயிரக்கணக்கில் இடும். சாப்பாடில்லாமல் பல மாதம் உயிரோடும் இருக்கும். "அந்த நாயிக்கு வந்த காய்ச்சல் இந்தச் சுவத்துல இருந்துதான் வந்திருக்கும்னு சொல்ல வரலைங்கம்மா. ஆனா பூசிருங்க" என்றார். விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்து, இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். போட்டோ அனுப்பிய பிறகுதான் தேதி கொடுத்தார்கள். மணியை இழந்த எங்களுக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பெரியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நாயை உடனே எழுதிக் கொடுத்துவிட மாட்டார்கள். முதல் இரண்டு வாரம் பார்வைக் காலம். ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். குளிப்பாட்டாதீர்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், தடவப் போகாதீர்கள், சாப்பாட்டைக் குறித்த நேரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள் என்று எழுதியே கொடுத்தார்கள். பொன்னி முதல் சில நாள் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால்தான் கிடந்தாள். கோழியும் சோறும் வைத்தால் நாங்கள் உள்ளே போன பிறகு தின்பாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அவளைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். ஒரு சாயங்காலம் தண்டு ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு என் செருப்பின் மேல் வைத்தாள். அப்போதும் தொடவில்லை. தொட வேண்டும் என்று கை பரபரத்தது.

அப்புறம் அவள் நடக்க ஆரம்பித்தாள். காம்பவுண்டை ஒட்டி ஒரே கோட்டில், ஒரே வேகத்தில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். பயத்தில் அலைகிறாளோ என்று காப்பகத்துக்கு வீடியோ அனுப்பினேன். பகலில் கொஞ்ச நேரம் நடந்து தானாக நிறுத்திப் படுத்துவிட்டால் கவலை வேண்டாம், மூச்சிரைக்க நிறுத்தாமல் நடந்தால் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. கூடவே, இந்த இனம் செய்த வேலையே இதுதான் என்றும் விளக்கினார்கள். ஜெர்மனியில் பயிருக்குப் பக்கத்திலேயே வேலி இல்லாத துண்டு நிலத்தில் செம்மறிகளை மேய்ப்பார்கள். ஆடு பயிரில் வாய் வைக்காமல் எல்லையை ஒட்டி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது இந்த நாயின் வேலை. 1899இல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஹொராண்ட் என்ற மேய்ப்பு நாயை வாங்கி, சங்கம் தொடங்கி, இந்த இனத்தைப் பதிவு செய்ததெல்லாம் அதற்குப் பின்னால். போலீஸ் நாய், காவல் நாய் என்று நாம் பார்க்கிற முகம் இன்னும் பிந்தியது.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. என் பிறந்த ஊர் தாராபுரம் பக்கம். எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், செம்மறியை விட்டுவிட்டு ஆள் வீட்டுக்கு வந்துவிடலாம். சுற்றிலும் கிளுவை என்கிற முள்செடி வேலியாக நெருக்கமாக நிற்கும். எங்கள் ஊரில் கிளுவை செய்ததை அங்கே இவளுடைய பாட்டன் பூட்டன் ஓடி ஓடிச் செய்திருக்கிறார்கள். இப்போது சாயங்காலம் பட்டறை ஆட்கள் கிளம்பும்போது பொன்னி கேட்டருகே குறுக்கே போய் நிற்பாள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி "போகட்டும்" என்றால்தான் நகருவாள். ஹெல்மெட்டை மட்டும் தெருவுக்குப் போய்த்தான் போட வேண்டும் என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் இடத்தில் நிழல் கிடையாது, ஒரு தகரக் கொட்டகையாவது போடலாம். பதில் வரத் தாமதமாவது பொறுமையைச் சோதிக்கும். கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தில் ஒரு தேதி அழிந்திருந்தது. எங்கள் டாக்டர் சந்தேகத்துக்கு மறுபடி போடச் சொன்னார். கருத்தடை செய்யாமல் எந்த நாயும் வெளியே போகாது என்ற விதியில் சிலருக்கு மனத்தாங்கல். என்னைக் கேட்டால், ஷெப்பர்டு விஷயத்தில் அந்த விதியைத் தளர்த்தவே கூடாது. தளர்த்தினால் அந்த நாய் குட்டி போட வைக்கிற இன்னொருவர் கூண்டுக்குப் போய்விடும்.

நாய்க்கு விலை கேட்பதில்லை. கருத்தடை, ஊசிச் செலவில் ஒரு பங்காக 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஆகும் செலவுதான் பெரிது. கோழி, அரிசி, மூட்டு மாத்திரை, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 6,000 ரூபாய்க்குக் குறையாது. முடி வருடம் முழுக்கக் கொட்டும், அடிமுடி உதிரும்போது வீடு முழுக்கப் பறக்கும். கோடையில் பாவம் என்று மழித்துவிடாதீர்கள். அந்த இரட்டை முடிதான் வெயிலைத் தடுக்கிறது. நடை விடியற்காலை ஆறுக்குள் முடிய வேண்டும். மூன்றாம் மாடி ஃப்ளாட், லிஃப்ட் இல்லை என்றால் இடுப்புக் கோளாறுள்ள ஷெப்பர்டு வேண்டாம்.

போகிறவர்கள் பழைய பெட்ஷீட், கிழிந்த லுங்கி, சாக்கு இருந்தால் எடுத்துப்போங்கள். மழைக்காலத்தில் அவர்களுக்குப் போதவே போதாது. பொன்னி இருந்த வரிசையில் இன்னும் இரண்டு வயதான ஷெப்பர்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இடது கண் பார்வை இல்லை, ஆனால் குழந்தைகளோடு நன்றாகப் பழகும். இன்னொன்று வேறு நாய்களோடு ஒத்துப்போகாது, ஒற்றை நாயாக வைத்துக்கொள்ளும் வீடு வேண்டும். தரைத்தளத்தில் வீடும் பகலில் ஆளும் இருக்கிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள்.