எங்கள் வீட்டுக்கு வந்த பெரிய எழுத்து வேதாகமம்

இலங்கை மலையகத்தின் அட்டன் நகரில் உள்ள ஒரு கிறிஸ்தவப் புத்தகசாலையில் சென்ற ஆண்டு வாங்கிய பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமத்தைப் பற்றி, பத்து மாதங்கள் அதை எங்கள் குடும்ப ஜெபத்தில் நாள்தோறும் பயன்படுத்திய பிறகே எழுதுகிறேன். இத்தகைய புத்தகத்தைக் கடையில் புரட்டிப் பார்த்து மதிப்பிட இயலாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு மழைக்காலத்தையாவது அது கடந்திருக்க வேண்டும்.

இதை வாங்கியது என் தாயாருக்காக. தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்போடு நின்று தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர் அவர். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதே வேதாகமத்தை வைத்துத்தான். கண் மங்கிய பின் தம் சிறிய புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நான் கைத்தொலைபேசியில் வாசிப்பதைக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் தோட்டத்துக்குப் போதகர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்பதால், மற்ற நாட்களில் பிள்ளைகள் விசுவாசத்தைக் கற்க வேண்டிய இடம் வீடுதான். வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் பிள்ளைகளோடு இவற்றைப் பேச வேண்டும் என்று உபாகமம் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. எங்கள் வீட்டிலோ அது, நான் ஒருவன் திரையைப் பார்த்து வாசிக்க, மற்றவர்கள் முடிவதற்காகக் காத்திருக்கும் பத்து நிமிடமாகச் சுருங்கிப் போயிருந்தது.

எழுத்தின் அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காம்பராவில் (அறையில்) எரியும் ஒற்றை மின்குமிழின் வெளிச்சத்தில் அம்மா கண்ணாடி அணிந்து, விரலை வரியின்கீழ் வைத்து, பிறர் உதவியின்றி வாசிக்கிறார். முதல் நாள் 23-ஆம் சங்கீதத்தை அவர் மெல்ல வாசித்து முடித்தபோது வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

இது 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. நான் வாங்கத் தயங்கியதற்குக் காரணமும் அதன் நடைதான். இன்றைய பாடநூல் தமிழில் வளரும் பிள்ளைகளுக்கு அது கடினமாக இருக்கும் என்று எண்ணினேன், கடினமாகத்தான் இருந்தது. ஆதியாகமத்தின் முதல் வசனத்திலேயே ‘சிருஷ்டித்தார்’ என்ற சொல்லில் என் மகள் நின்றுவிட்டாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா, “உண்டாக்கினாருன்னு அர்த்தம் தங்கம், ஒண்ணுமில்லாததுல இருந்து உண்டாக்கினாரு” என்றார். அன்று முதல் பிள்ளைகள் புரியாத சொற்களை என்னிடம் கேட்பதில்லை, அப்பாயியிடம்தான் கேட்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் அந்த நடையையே காதால் கேட்டு வளர்ந்த அவருக்குக் கிருபை, இரட்சிப்பு, பரிசுத்தம் ஆகியவை வெறும் சொற்களல்ல. ஒவ்வொன்றுக்கும் தம் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். பிள்ளைகளின் தாத்தா நோயுற்றிருந்த காலத்தில் வீட்டில் அரிசியில்லாத இரவு எப்படி ஜெபித்தார் என்பதை, அவர் மகனாகிய நானே இந்தப் புத்தகம் வந்த பிறகுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மாலையானதும் செபமாலைக்கு முழு வீடும் முழந்தாளிடும் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பே பழக்கம். ஆகவே இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கிறோம். ஒன்றில் ‘தேவன்’, மற்றதில் ‘கடவுள்’. ஒன்றில் ‘பரிசுத்த ஆவி’, மற்றதில் ‘தூய ஆவி’. மகனுக்குப் பொருள் விளங்காத வசனத்தைத் திருவிவிலியத்தில் தேடி வாசிப்பது என் மனைவியின் பங்கு. இளம் பிள்ளைகள் மட்டுமே உள்ள வீட்டுக்கு இந்தப் பழைய மொழிபெயர்ப்பை மாத்திரம் வாங்குமாறு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை வாசிப்பது என்பதில் முதலில் தவறு செய்தோம். வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களை ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பதியும் இடத்துக்கு) ஓடி, மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் மனைவிக்கு அது பாரமாயிற்று. லேவியராகமத்தில் நிறுத்திவிட்டோம். இப்போது நீதிமொழிகளில் அன்றைய தேதிக்குரிய அதிகாரத்தை எடுக்கிறோம். அதில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதியைப் பார்த்துப் பக்கத்தைத் திறப்பது மகனின் வேலை. அதோடு மாற்கு சுவிசேஷத்திலிருந்து ஒரு சிறு பகுதி. வாசிப்பவர் நாளுக்கு நாள் மாறுவார்.

இனிக் குறைகள். சிறுவன் மடியில் வைத்து வாசிக்க முடியாத பாரம். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு தாங்கி செய்துகொண்டேன். தாள் மிக மெல்லியது, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறது. இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பு மையில் அச்சிட்டிருப்பது பகலில் அழகாக இருக்கிறது. இரவில் அம்மாவுக்கு அந்த வரிகள்தான் மங்கலாகத் தெரிகின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆடி மாத ஈரத்தில் உறையின் சிப் (zip) துருப்பிடித்தது, அட்டை ஓரத்தில் உப்பியது. எட்டாம் மாதத்தில் சங்கீதப் பகுதியில் தாள்கள் கட்டிலிருந்து விலகத் தொடங்கின. கடையில் காட்டியபோது பைண்டிங் செய்பவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அந்தச் செலவு என்னுடையதாயிற்று. என் மனைவியின் நான்கு நாட் சம்பளத்துக்கு நிகரான விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தின் கட்டு இன்னும் உறுதியாக இருந்திருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் சிப் இல்லாத உறையையும், முழுவதும் கறுப்பு மையில் அச்சான பதிப்பையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் மூத்தவரைக் கூட்டிச் செல்லுங்கள். கடை வாசலின் பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாமல், உள்ளே விளக்கின்கீழ் சுவிசேஷத்தில் ஒரு பக்கத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். மஸ்கெலியாவில் இருக்கும் என் தங்கைக்கு இதையே வாங்கப் போகிறேன். அவளுடைய மாமியாரை அடுத்த சம்பளத்துக்குப் பின் அட்டனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.