வார்டு வாட்ஸ்அப் குழுவா, குறைதீர் தளமா, ஆர்டிஐ மனுவா?

சேலத்தில் குடிநீர் திறந்துவிடும் நாள் மாறினாலும், தெருவில் பள்ளம் தோண்டினாலும், செய்தி முதலில் வந்து சேர்வது வார்டு வாட்ஸ்அப் குழுவுக்குத்தான். கவுன்சிலரும் குழுவில் இருந்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கும் மனை விற்பனை விளம்பரங்களுக்கும் நடுவே, போன மழைக்காலத்தில் யார் என்ன சொன்னார் என்று தேடிப் பார்த்தவர்களுக்கு அதன் குறை புரியும்.

1100 என்ற உதவி எண்ணும் முதல்வரின் முகவரி இணையதளமும் அடுத்த வழி. மனு எண் கிடைக்கும். மனு என்ன ஆயிற்று என்று அந்த எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எரியாத விளக்கு, அள்ளாத குப்பை, அடைபட்ட சாக்கடை ஆகியவற்றுக்கு இதுவே போதும்.

நான் பெரிதும் நம்புவது மூன்றாவதான, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) கீழ் கொடுக்கும் மனுவை. மற்ற இரண்டிலும் கிடைப்பது ஒரு வாக்குறுதியோ நடவடிக்கையோதான். இதில் மட்டுமே அலுவலகத்தின் ஆவணம் நம் கைக்கு வருகிறது. பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அவர்மீதே தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

எல்லாம் கேள்வியை எழுதும் விதத்தில் இருக்கிறது. “எங்கள் தெருச் சாலை ஏன் ஆறே மாதத்தில் பெயர்ந்தது?” என்று கேட்டால் பயனில்லை, ஏனெனில் இச்சட்டம் பதிவேட்டில் இருப்பதைத்தான் தரச் சொல்கிறது, விளக்கத்தை அல்ல. மாறாக, தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் அந்தப் பணியின் சரியான பெயரை முதலில் தேடிக் குறித்துக்கொண்டு, பணி ஆணையின் நகல், ஒப்பந்ததாரர் பழுதுகளைச் சரிசெய்து தர வேண்டிய காலத்தைக் குறிப்பிடும் பக்கம், பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். சாலையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து எழுதி, அதன்படியே பட்டியல் தொகை வழங்கப்படுவதால், அந்தப் பக்கத்தின் நகலும் ஓர் அளவு நாடாவும் இருந்தால் நீளத்தையும் அகலத்தையும் யாரும் சரிபார்த்துவிடலாம். கனத்தைப் பார்க்க, பெயர்ந்துகிடக்கும் ஓரமே போதும். வாட்ஸ்அப் குழுவில் நூறு பேர் கோபப்படுவதைவிட இந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

மாநில அரசின் இணையவழி ஆர்டிஐ தளத்தில் 10 ரூபாய் செலுத்தி மனுவை அனுப்பலாம். அதன் பட்டியலில் உங்களுக்கு வேண்டிய அலுவலகம் இல்லையென்றால், வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பதிவுத் தபாலில் சேர்த்துவிடலாம். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. சாலை மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரியாவிட்டாலும் பாதகமில்லை. தவறான இடத்துக்குப் போன மனுவை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதில் வராவிட்டாலோ, வந்தது நிறைவளிக்காவிட்டாலோ, 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம் வரை நான் போனதில்லை. ஆகவே அந்தக் கட்டத்தைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை.

இதிலும் சங்கடம் உண்டு. உடைந்த குழாய்க்கு 30 நாள் காத்திருக்க யாராலும் முடியாது. மனுவில் பெயரும் முகவரியும் இருப்பதால், ஒப்பந்ததாரர் அதே தெருக்காரராக இருந்தால் சிலர் தயங்குவதும் நியாயமே. தெருவில் நான்கைந்து பேர் தனித்தனியாக மனுப் போட்டால் ஒருவர்மீதே கண் விழாது.

ஏற்காட்டு மலை ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு இவற்றுக்கெல்லாம் முன்பாக வேறொரு வழி இருக்கிறது. 2020இல் தொடங்கப்பட்ட இகிராம்ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தையும் செலவு விவரங்களையும் மனுவே போடாமல் பார்க்கலாம். அதை அச்செடுத்து மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில் எல்லார் முன்னிலையிலும் கேட்கலாம். நகரவாசியான நான் அத்தளத்தை மேலோட்டமாகவே புரட்டியிருக்கிறேன். மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்கும் நிலையில் அது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதை அங்கு வசிப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.